படகுக் காட்சியைத் தாண்டிவிடாதீர்கள்

வணக்கம். ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்து 2017-இல் வெளிவந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தைப் பார்த்துவிட்டு, அதே பெயரில் 1995-இல் வந்த ஜப்பானிய அனிமேயை (அசைவூட்டப் படத்தை) தொடங்கியதாகவும், கதை நகராத படகுக் காட்சியில் பொறுமையிழந்து நிறுத்திவிட்டதாகவும் எழுதி, மீதியைப் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பாருங்கள், இரண்டும் ஒரே கதை அல்ல.

ஹாலிவுட் படம், பறிக்கப்பட்ட கடந்தகாலத்தைத் தேடும் கதை: ஒரு நிறுவனம், இயந்திர உடல் கொண்ட நாயகி மேஜரின் நினைவுகளை அழித்துவிட, அவள் தன் உண்மைப் பெயரையும் தாயையும் கண்டடைகிறாள். மமோரு ஒஷி இயக்கிய 1995 அனிமேயில், மோட்டோகோ என்ற அதே நாயகிக்குத் தன் பெயர் தெரியும். உடல் முழுவதும் ஆலையில் செய்யப்பட்டிருக்கும்போது, ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள உள்ளே ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்பதே அவளை அரிக்கும் கேள்வி. எதிரியைப் பிடித்துவிட்டால் விடை கிடைத்துவிடக்கூடிய கேள்வி அல்ல அது. 2017 படத்தின் நகரம் கண்ணைக் கவர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அது பாதியிலேயே கைவிட்டுவிடுகிறது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கே திரும்புங்கள். கென்ஜி கவாயின் இசை ஒலிக்க, ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரைந்த நகரின் கால்வாயில் படகில் செல்பவள் நிமிர்ந்து பார்க்கிறாள். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால், அவள் முகத்தையே கொண்ட இன்னொருத்தி அமர்ந்திருக்கிறாள். ஒரு சொல்கூட இல்லை. அடுத்து வரும் கடைச் சாளரப் பொம்மைகளையும் கவனியுங்கள். என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது.

மொத்தமே ஏறத்தாழ 80 நிமிடங்கள்தான். ஜப்பானிய ஒலியிலேயே, ஒரே அமர்வில் பாருங்கள்.