அழுத்தம் எங்கே விழுகிறது?

‘போட்டோகிராஃப்’ என்றால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரிகிறது; ‘போட்டோகிராஃபர்’ என்றால் விழிக்கிறார். ஏன்?

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை (ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு) மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். அந்த அழுத்தம் இங்கே இடம் மாறிவிடுகிறது. முதல் சொல்லில் அது முதல் அசையில்: ஃபோ-ட-கிராஃப். அடுத்ததில் இரண்டாம் அசைக்குத் தாவி, ஃப-டாக்-ர-ஃபர் ஆகிறது. ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாம் அசை. தமிழில் நெடில் எங்கே வந்தாலும் நெடில்தான். ஆங்கிலத்தில் அழுத்தம் இழந்த உயிர் பெரும்பாலும் நம் குற்றியலுகரம்போல் தேய்ந்துபோகும். அந்த மங்கல் ஒலிக்கு ‘ஷ்வா’ என்று பெயர். நாம் எல்லா உயிரையும் முழுசாக ஒலிக்கிறோம், அங்கேதான் சிக்கல். ஓர் அசையைக் கத்திச் சொல்வதைவிட மற்றவற்றை மெலிய விடுங்கள்.

நீளமான சொற்களுக்கு விதி ஏதும் உண்டா?

வாலைப் பாருங்கள். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எஜுகேஷனில் ‘கே’, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. இன்ஜினியரில் வாலே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். ‘மென்ட்’ எதையும் நகர்த்தாது. ‘டெவலப்’புக்கு இரண்டாம் அசை என்றால் டெவலப்மென்ட்டுக்கும் அதுவே. நம்மில் பலர் முதல் அசையை அழுத்துகிறோம். அடங்காப்பிள்ளைகளும் உண்டு: பாலிடிக்ஸ், அராபிக் இரண்டிலும் முதல் அசைதான்.

அகராதிப் புள்ளிகளை எண்ணினால் அசைக்கணக்கு வந்துவிடுமா?

எப்போதும் வராது. அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்குள் வரும் புள்ளி, வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்வது. ‘அகெய்ன்’ ஈரசைச் சொல். ஆனாலும் மெரியம்-வெப்ஸ்டர் அதில் புள்ளி வைப்பதில்லை, ஓரெழுத்தை வரிக்கடைசியில் தனியே விடக்கூடாதே! பக்கத்தில் உள்ள உச்சரிப்பைப் பாருங்கள். சர்வதேச ஒலிக்குறியீட்டில் மேலே நிற்கும் சிறு கோடு அழுத்தமான அசைக்கு முன்னால் வரும். சில அமெரிக்க அகராதிகளில் பின்னால் வரும், ஜாக்கிரதை.

‘வெஜிடபிள்’ மூன்றசையா, நான்கா?

பேச்சில் மூன்று: வெஜ்-ட-பிள். சாக்லேட்டும் வெட்னஸ்டேயும் இரண்டிரண்டு. எழுத்தை நம்பாதீர்கள்.

யாப்பில் படித்த நேர், நிரை உதவுமா?

குழப்பும். ‘படகு’ யாப்பில் நிரை-நேர் என இரண்டு அசை. ஒலியியல் கணக்கில் ப-ட-கு, மூன்று.

‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்’ எத்தனை அசை? மகள் கேட்கிறாள்.

ஆங்கிலத்தில் 28 எழுத்து, 12 அசை. முதன்மை அழுத்தம் எட்டாவதான ‘டே’யில். கடைசி ‘இஸம்’ இரண்டு அசை. ஆங்கில எழுத்தில் அங்கே ‘எஸ்’ஸுக்கும் ‘எம்’முக்கும் நடுவே உயிரே கிடையாது, தமிழில் எழுதினால் தானாகத் தெரிந்துவிடுகிறது.