ஒஸ்லோவில் இருந்து போய்வரக்கூடிய ஸ்கீ மலைகளில், முதல் தடவை போகிறவருக்கு எது நல்லது?

திருகோணமலையில் இருந்து இந்த மாரிக்கு ஒஸ்லோ போவதாக மட்டும்தான் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே உங்களுக்கு அக்காவோ அண்ணாவோ இருப்பார், அவர்களிடம் கார் இருக்கும், வந்திறங்கிய கிழமையே, காலில் நீளப் பலகை பூட்டி ஸ்னோவில் சறுக்கும் இந்த ஸ்கீக்காக ஒரு பெரிய மலைக்குக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒஸ்லோ நகரத்தை ஒட்டியே இருக்கிற ட்ரிவான். அங்கே நாலைந்து தடவை போய் நிற்கவும் திரும்பவும் பழகிய பிறகு, ஆசையும் காசும் இருந்தால் தூரத்துப் பெரிய மலையான ட்ரிசில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் உப்புவெளிக்காரி, ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 61. மகள் குடும்பம் ஒஸ்லோவில் இருக்கிறது. முதல் தடவை போன ஜனவரியில், இறங்கி மூன்றாம் நாளே மருமகன் இரண்டு மணித்தியாலம் கார் ஓடி ஒரு பெரிய மலைக்குக் கூட்டிப்போனார். மலையின் பெயர் வேண்டாம், பிழை மலையில் இல்லை. அவர் ஆசையோடு செய்தது, அவரையும் குறை சொல்ல மாட்டேன். அடிவாரத்தில் பிள்ளைகள் பழகுகிற சின்னச் சரிவு இருந்தது. ஆனால் நாள் ரிக்கெற் பல நூறு குரோனர். அவ்வளவு கொடுத்துவிட்டுக் கீழேயே நிற்பதா என்று எல்லாருமாக லிஃப்டில் மேலே ஏறிவிட்டோம். நோர்வேயில் சறுக்கி இறங்கும் தடங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைத்திருப்பார்கள். பச்சைதான் எல்லாவற்றிலும் இலகு. உச்சியில் இருந்தும் பச்சைத் தடம் ஒன்று இறங்குகிறது, பயமில்லை என்றார்கள். தடம் பச்சைதான், ஆனால் அதன் நீளத்தை யாரும் யோசிக்கவில்லை.

பாதி வழியில் மூட்டம் இறங்கியது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. ஓடுகிறேனா நிற்கிறேனா என்றே தெரியவில்லை. விழுந்ததில் முழங்கால் திருகிக்கொண்டது. மீட்புக்காரர்கள் ஸ்னோ ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டிய வண்டியில் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். பேரன் பக்கத்தில் அழுதுகொண்டே வந்தான், அதுதான் முழங்காலை விட வலித்தது. நாலு கிழமை காலில் பட்டி. ஊருக்குச் செய்தி போனதும் தொலைபேசியில் எல்லாரும் ஒரே கேள்வி: "இந்த வயசில உனக்கு எதுக்கு இது?" காலில் பட்டியோடு கிடந்தபோது கேட்ட அந்தக் கேள்விதான் என்னை மறுவருடமும் போக வைத்தது.

அடுத்த மாரியில் ட்ரிவான். ஒஸ்லோ நகரத்தின் மேற்பக்கக் காட்டு மேட்டில் இருக்கிறது. மெட்ரோவின் முதலாம் இலக்க வழியில் ஏறி வொக்சன்கொல்லனில் இறங்கினால் பக்கம். பின்னேரம் விளக்குப் போட்டு ஓட விடுவார்கள். டிசம்பரில் ஒஸ்லோவில் மூன்று மணி தாண்டியதும் பொழுது பட்டுவிடும் என்பதால் இந்த விளக்குப் பெரிய விஷயம். ஆனால் நான் ட்ரிவானைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. களைத்தால் வீட்டுக்குப் போகலாம். புதிதாகப் பழகுகிற ஒருவருக்கு இரண்டு மணித்தியாலத்தில் தொடை நடுங்கத் தொடங்கிவிடும். தூர மலையில் அந்த நேரத்தில் கார் சாவி இன்னொருவர் பையில், அவர் மலையுச்சியில். ட்ரிவானில் ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு மெட்ரோ ஏறினால் வீடு.

பேரன்தான் எனக்கு வாத்தியார், அப்போது அவனுக்கு ஏழு வயது. முதல் நாள் சப்பாத்து ஸ்கீயில் பூட்டுப்படவே இல்லை. மிதித்து மிதித்துப் பார்த்தேன். "அம்மம்மா, காலைத் தூக்குங்கோ" என்று குனிந்து, என் சப்பாத்தின் அடியில் கல்லுப்போல் இறுகியிருந்த ஸ்னோவைத் தன் ஊன்றுகோல் முனையால் சுரண்டி எடுத்தான். பிறகு முன்காலை நுழைத்துக் குதிக்காலை அழுத்த, 'டக்' என்று பூட்டியது. இதை அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நிற்பதற்கும் அவன்தான் பழக்கினான். முன் முனைகள் இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, குதிக்காலை வெளியே தள்ளி, முழங்காலை மடக்க வேண்டும். அதற்குக் 'கலப்பை' என்ற கருத்தில்தான் நோர்வே மொழியிலும் பெயர். ஆறாவது தடவை பச்சைத் தடத்தை மேலிருந்து கீழ்வரை விழாமல் வந்தேன். கீழே நின்று நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ட்ரிவான் எல்லாம் ஒரு மலையா" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும். நோரெஃப்யெல் ஒஸ்லோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலம்தான், மேலிருந்து கீழே ஆயிரம் மீற்றர் அளவு இறக்கம், 1952 ஒலிம்பிக்கில் வேக இறக்கப் போட்டி நடந்த மலை. ஓடத் தெரிந்தவருக்கு அதுபோல் கிட்ட வேறொன்று இல்லை. லில்லஹாமர் பக்கத்து ஹாஃப்யெல், க்விட்ஃப்யெல் இரண்டும் 1994 ஒலிம்பிக் நடந்த இடங்கள். ஹெம்சடால் மூன்று மணித்தியாலம், என் மருமகனுக்கு அதுதான் உயிர். கார் இல்லாதவருக்கு யைலோ நல்லது, பேர்கன் போகும் ரயில் அந்த ஊரிலேயே நிற்கும். இதெல்லாம் நல்ல மலைகள்தான். முதல் தடவை போகிறவரைப் பற்றித்தான் கேள்வி, அதற்குத்தான் பதில்.

ட்ரிசில் ஏன் இரண்டாவது என்றால், நோர்வேயிலேயே பெரிய ஸ்கீ இடம் அதுதான். ஆனாலும் பழகுகிறவர்களுக்கென்று அகலமான, சாய்வு குறைந்த தடங்கள் நிறைய. சுவீடன் எல்லைப் பக்கம், காரில் மூன்று மணித்தியாலம் வரும், இரண்டு இரவாவது தங்கினால்தான் பிரயோசனம்.

ஸ்கீயே வேண்டாம் என்றால் கொர்க்கெட்ரெக்கரன் போங்கள். முதலாம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்பிடத்தில் இருந்து கீழ்நோக்கி இரண்டு கிலோமீற்றர் சறுக்குவண்டிப் பாதை. வண்டி வாடகைக்குக் கிடைக்கும், கீழே வந்ததும் வண்டியோடு மெட்ரோ ஏறித் திரும்ப மேலே போகலாம். அதே வழியில் ஹொல்மென்கொல்லன் ஸ்கீ பாய்ச்சல் மேடையையும் பார்க்கலாம், 1892 இல் இருந்து அந்த மேட்டில் போட்டி நடக்கிறது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே மலையில் குடும்பமாக உட்கார்ந்து தோடம்பழம் உரித்துச் சாப்பிடுவார்கள். தோலை ஒரு பிள்ளைகூடக் கீழே போடாது, பைக்குள் போகும். ஊருக்குத் திரும்பி வந்து பேரனை நிலாவெளியில் படகேற்றிப் புறாமலைக்குக் கூட்டிப்போனேன். 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட தீவு. இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் பவளப்பாறைக்கு மேலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு மீசைக்காரர் உடைந்த துண்டைத் தூக்கிப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தார். "அது உயிருள்ளது, காலை எடுங்கோ" என்று சொன்னதற்கு என்னைத்தான் முறைத்தார். வெளிநாட்டுப் பெருமை பேசுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பிறந்து வளர்ந்த கடல் அது. பேரன் என்னைப் பார்த்து, "இங்கே தடத்துக்கு நிறம் போட்டுக் காட்ட மாட்டார்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். பெப்ரவரியில் ஒஸ்லோப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை மாரி விடுமுறை வரும், அந்தக் கிழமை எந்த மலைக்கும் போகாதீர்கள், லிஃப்டுக்கு வரிசை நீளும். ஹெல்மெட்டும் சப்பாத்தும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், இங்கிருந்து வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். உடம்போடு ஒட்டுகிற உள்ளுடுப்பு கம்பளியில் இருக்கட்டும். பருத்தி வியர்வையில் நனைந்தால் நின்ற இடத்தில் விறைக்கும். கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். முதல் நாள் எத்தனை தடவை கையை ஊன்றி எழும்புவீர்கள் என்று இப்போது தெரியாது. பத்து மணிக்கே ஒரு சோடி நனைந்துவிடும்.