தகவல் கேட்டு எழுதுவோருக்கு: கேள்வி பதில்

களுவாஞ்சிகுடி: காலநிலை அறிக்கைகளை அரசாங்கம் நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் யார் தண்டிப்பது?

யாரும் இல்லை, தம்பி. காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட ஐ.நா. காலநிலைச் சமவாயத்தில் இலங்கையர் நாம் 1993இல் சேர்ந்தோம். நான்கு ஆண்டுக்கொரு தேசிய அறிக்கை என்று 2010இல் மெக்சிகோவின் கன்கூனில் நடந்த அதன் மாநாட்டில் முடிவானது. அந்த முடிவுக்கு முன்பே நம்முடைய முதலாவது 2000இல் போயிருந்தது, இரண்டாவது 2012இல்தான்! அதே சமவாயத்தின் கீழ் வந்த பரிஸ் உடன்படிக்கையில், சொன்னதை நாடு எவ்வளவு செய்தது என்று காட்டும் முதல் வெளிப்படைத்தன்மை அறிக்கைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31ஆக இருந்தது. பிந்தினால் அங்குள்ள குழு விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. அந்த உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரையே அப்படித்தான் சொல்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. "ஏன் பிந்தியது?" என்று எழுதாதீர்கள். இந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. "அறிக்கைக்காக உங்கள் அலுவலகம் அனுப்பிய தரவின் பிரதி, அனுப்பிய திகதி" என்று எழுதுங்கள். கொடுத்த கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

செங்கலடி: கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம்.

பொத்துவில்: எத்தனை நாளில் பதில் வரும்?

14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்த 14ஐ எந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள்? நான் ஒருமுறை எண்ணத் தெரியாமல் நின்றவன்.

ஒலுவில்: எங்கள் கரையைக் கடல் தின்றுவிட்டது. காலநிலை அறிக்கையில் அது இருக்குமா?

அங்கே தேடாதீர்கள், தங்கச்சி. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கரையோரமாக நகரும் மணலை மறித்தது. வடக்குப் பக்கம் அரிந்துபோனது. நீங்கள் கேட்க வேண்டியது சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை. திட்டத்துக்கு அனுமதி கொடுக்குமுன் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய ஆவணம் அது.

கல்முனை: கடல்மட்டம் உயர்வதை மறுக்கிறீர்களா ஐயா?

மறுக்கவில்லை. கல்லைப் போட்டவர்களும் "காலநிலை" என்று சொல்லித் தப்பிவிடக் கூடாது என்கிறேன்.

கல்முனை: அப்படியானால் தேசிய அறிக்கை எங்களுக்கு எதற்கு?

வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் வெளிநாட்டு நிதி கேட்கும்போது முன்னே வைப்பது அதைத்தான். மட்டக்களப்பு வாவியும் அம்பாறை வயலும் அதில் எத்தனை வரி என்று பாருங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

பட்டிருப்பு: பதிலுக்கு எத்தனை நாள்?

பொத்துவில்காரருக்குச் சொன்னேனே.

வாகரை: மூன்று மாதமாகப் பதிலே இல்லை. மேன்முறையீடு செய்யலாமா?

பற்றுச்சீட்டு இருக்கிறதா?

வாகரை: இல்லை.

புதிதாக எழுதுங்கள். இம்முறை பதிவுத்தபாலில்.