கூண்டிலிருந்து பறந்துபோன லவ் பேர்ட்ஸ் வெளியில் பிழைக்குமா? லண்டனில் கிளிகள் அப்படித்தானே பெருகின?

லண்டன் கிளிகளை நம்பி உங்கள் பறவைகளைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு கதை.

நான் இருப்பது தென்மேற்கு லண்டனில். நம் ஊர்க் கோயில் கோபுரப் பொந்துகளில் கூச்சலிடுகிற அதே பச்சைக்கிளி இங்கே எங்கு பார்த்தாலும் பறக்கிறது. அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டதில் வந்தவை என்று கதை கட்டுவார்கள். 2019இல் வெளியான ஆய்வு அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. பல ஊர்களில் பலர் தவறவிட்டும் திறந்துவிட்டும் சேர்ந்த கூட்டம் இது. இன்று பிரிட்டனில் ஏறக்குறைய 12,000 ஜோடிகள் என்று மதிப்பிடுகிறார்கள்.

எப்படித் தாக்குப்பிடித்தன? இவற்றின் முன்னோர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவை என்கிறது மரபணு ஆய்வு. அங்குள்ள குளிர் அவற்றுக்குப் பழக்கம். அதைவிட முக்கியம், அந்நாளில் இறக்குமதியான கிளிகளில் ஏராளமானவை காட்டில் பிடிக்கப்பட்டவை. இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டுப் பறவை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2005இல்தான் நிறுத்தியது.

லண்டனின் ரிச்மண்ட் பூங்காவில் குளிர் விலகுவதற்கு முன்பே இந்தக் கிளிகள் ஓக் மரப் பொந்துகளைப் பிடித்துவிடுகின்றன. கழுத்தில் வளையம் இல்லாத பெண் கிளி தலையை மட்டும் வெளியே நீட்டி, கிட்டே வரும் பறவைகளை விரட்டும். பார்க்க அழகுதான். ஆனால் ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் இதே கிளிகள் பொந்துக்காக அரிய வகைப் பெரிய வௌவால்களைக் கொத்திக் கொன்றிருக்கின்றன. அதைப் படித்த பிறகு இந்த அழகை முழு மனதோடு ரசிக்க முடியவில்லை.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று வளர்ப்பது பெரும்பாலும் பட்ஜி என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளி. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தது. தட்டில் வைத்த தினையைத் தின்று பழகிய அதற்கு வெளியில் காக்கையும் பூனையும் காத்திருக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிய பட்ஜிகள்கூடப் பிறகு அடியோடு அற்றுப்போயின.

ஆகவே இன்றே தேடுங்கள். கூண்டைத் திறந்து, உள்ளே தினையும் தண்ணீரும் வைத்து, அவை கடைசியாகத் தென்பட்ட பக்கம் மாடியில் வையுங்கள். வீட்டில் ஜோடிப் பறவை மிச்சமிருந்தால் அதை வேறு கூண்டில் அடைத்துப் பக்கத்திலேயே வையுங்கள். அதன் குரலுக்கு வர வாய்ப்பு அதிகம். விடியற்காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் கூடவே இருந்து கவனியுங்கள்.