ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பது எப்படி?

"30 வயதுக்கு மேல்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. தேடினால் எல்லாமே குழந்தைகளைப் பற்றித்தான் இருக்கிறது. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன், அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

நான் டாக்டர் இல்லை. ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வதால், மற்றவர்களோடு பழகுவதும் ஒலி, ஒளி போன்றவற்றை உணர்வதும் மாறுபடுகிற நிலை. அது ஆளுக்கு ஆள் வேறுபடும், எந்நேரமும் துணை தேவைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் போதவே போதாது. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "உங்களுக்கென்ன, வேலைக்குப் போகிறீர்கள், பேசுகிறீர்கள், எழுதுகிறீர்கள்" என்று கட்டாயம் யாராவது வருவார்கள். போகிறேன்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் இருட்டு அறையில் படுத்துக் கிடப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகியிருப்பீர்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பீர்கள், யாருக்கும் சந்தேகம் வராது. மாஸ்கிங் என்கிறார்களே, அதுதான் இது. பாதித் தெம்பு அதிலேயே போய்விடும். அதனால் என் பதில் முழுக்க ஒரே விஷயம்தான்: இன்னும் தாங்கிக்கொள்ளப் பழகாதீர்கள், தாங்க வேண்டியதைக் குறைக்க வழி பாருங்கள்.

என் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். இடம் மாற்றியபோது எனக்குக் கிடைத்த இருக்கைக்கு நேர் மேலே பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள். அந்த மாதிரி லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். பெரும்பாலானவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கோ மதியத்துக்குள் கண்ணுக்குப் பின்னால் வலி பிடித்துக்கொள்ளும், படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன், அதோடு அந்த ரீங்காரம் வேறு. வாயால் சொன்னபோது மேலாளர் "போகப் போகப் பழகிடும்" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கு அப்படி ஒரு தொந்தரவு இருக்க முடியும் என்றே தெரியாது. அப்புறம் ஒரு மெயில் அனுப்பினேன். ஆட்டிசம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கவில்லை. என் தலைக்கு மேலே உள்ள லைட் மினுக்குகிறது, மதியத்துக்குப் பிறகு என் வேலையில் பிழை வருகிறது, அந்த லைட்டைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விளக்கு கொடுத்தால் போதும். அவ்வளவுதான் மெயில். அன்றைக்கே ஆள் வந்து கழற்றிவிட்டுப் போனார். பிரச்சினையை மட்டும் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

இதைச் சொகுசு என்பவர்களுக்கு: 2013இல் வந்த டிஎஸ்எம்-5 நோயறிதல் கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. நாங்கள் இட்டுக்கட்டியது இல்லை.

சத்தத்துக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் நல்லதுதான். ஆனால் ஏசி, எஞ்சின் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும், பக்கத்தில் பேசுகிற குரல் கேட்கத்தான் செய்யும். குரல்களுக்குக் காதுக்குள் வைக்கும் இயர் பிளக்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், மிஞ்சுகிற முனை லேபிளைவிட மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுசாக எடுத்துவிடுங்கள்.

பசியும் தாகமும் நேரத்துக்குத் தெரியாத ஆட்கள் எங்களில் நிறைய. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் சாப்பிடவில்லை என்பதே உறைக்கும். அதனால் பசிக்கிறதா என்று என்னையே கேட்பதை விட்டுவிட்டேன், அலாரம் அடித்தால் சாப்பிடுகிறேன். வாயால் சொல்கிற வேலை எதுவானாலும் "இதை எழுத்தில் அனுப்ப முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். கூட்டம், விசேஷம் என்று போனால் மறுநாளைக் காலியாக வையுங்கள், முடிந்தால் முதலிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அதையும் யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள்.

வீட்டு ஆட்களிடம் பேசும் நேரம் முக்கியம். ஷட்டவுன், அதாவது தாங்க முடியாமல் போய்ப் பேச்சும் செயலும் அப்படியே நின்றுவிடுகிற நிலை, வந்த பிறகு விளக்கம் சொல்ல வாய் வராது. நன்றாக இருக்கிற ஒரு நாளில், "நான் பேசாமல் இருந்தால் கோபம் இல்லை, கேள்வி கேட்காதீர்கள், லைட்டை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள்" என்று போனில் டைப் செய்து வைத்தேன். தேவைப்படும்போது அதைக் காட்டினால் போதும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பஸ்ஸிலும் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற இடத்திலும் ஹெட்ஃபோன் இல்லாமல் சத்தமாக வீடியோ பார்க்கிறார்களே, அவர்களிடம் ஏன் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை? ஆட்டிசம் இருந்தால்தான் அது தொந்தரவு என்றில்லை, காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவருக்கும் அது கொடுமை. கேட்டால் முறைப்பது நம்மைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பழகத் தெரியாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012இல் ஒன்றைச் சொன்னார்: புரிந்துகொள்வதில் வரும் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது, நம்மால் ஆட்டிசம் இல்லாதவர்களைப் புரிந்துகொள்ள முடியாத மாதிரியே அவர்களாலும் நம்மைப் புரிந்துகொள்ள முடிவதில்லை. இதைப் படித்த அன்று அழுதேன். ஆட்டிசம் உள்ள வேறு பெரியவர்கள் இரண்டு பேரையாவது தேடிப் பிடியுங்கள். சுற்றி வளைக்காமல் நேராகப் பேசினால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆபீஸில் சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் நேர் மேலாளரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் என் வேலையில் அவருக்கு நம்பிக்கை வந்த பிறகு. உங்கள் இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேளுங்கள். லைட்டை மாற்றுவதற்கு யாரும் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கேட்பதில்லை.