மகன் போகும் குவேக்கர் கூட்டத்துக்கு நீங்களும் போகலாம் அக்கா

அக்கா, பர்மிங்காமில் மகனோடு குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் அமைதி வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனால், போதகரும் பாட்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் எப்படி உட்காருவது, ஆங்கிலமும் வராதே என்று தருமபுரியிலிருந்து கேட்டிருந்தீர்கள். நானும் கிருஷ்ணகிரியில் பாமாலை பாடி வளர்ந்தவள்தான். இங்கிலாந்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் மனம் வீடு, மாந்தோப்பு என்று அலையும். விட்டுவிடுங்கள், தானே அடங்கும். மனசுக்குள் தமிழிலேயே ஜெபிக்கலாம். யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் எழுந்து நின்று சுருக்கமாகப் பேசுவார். பதில் பேச வேண்டாம், மறுபடி அமைதிதான். ஒவ்வொருவருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது 1650களில், இந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலம் தொட்டு அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் போதகர் இல்லை. பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்தால் கூட்டம் முடிந்தது. அப்புறம் டீ, பிஸ்கட். ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோங்கள்.