இன்சுலின் வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இப்போது திருச்சியில் கல்லூரி கிடைத்து, ஹாஸ்டலில் சேர்க்கப்போகிறோம். அறையில் வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்க நினைக்கிறோம். ஆன்லைனில் 6 லிட்டர், 10 லிட்டரில் மலிவாக வருகிறதே, அது போதும் என்கிறான் பையன். என் கணவரோ, இங்கேயே நல்லதாக ஒன்று வாங்கி, கார் பின்சீட்டில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகலாம் என்கிறார். மகள், "ஃப்ரிட்ஜே வேண்டாம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்று அழுகிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் பையன் சொல்லும் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஃப்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதற்குள் கம்ப்ரஸர் இருக்காது. பெல்டியர் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். கரண்ட் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். வெளியே இருக்கிற சூட்டிலிருந்து 15, மிஞ்சினால் 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. சித்திரை வெயிலில் திருச்சியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை 38 டிகிரியில் தகிக்கும்போது, பெட்டிக்குள் 18 முதல் 23 வரை இருக்கும். தண்ணீர் பாட்டிலுக்கு அது போதும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

கம்ப்ரஸர் உள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜாகப் பாருங்கள். 45, 50 லிட்டரில் கிடைக்கிறது. உயரம் ஒன்றரை அடி சொச்சம், எடை இருபது கிலோவுக்குள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே வைத்துவிடலாம். பின்பக்கம் மட்டும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும், சூடு வெளியே போக வேண்டும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இன்சுலின் சூட்டில் கெடும் என்று நாம் எல்லோரும் பயப்படுகிறோம். இந்தக் குட்டி ஃப்ரிட்ஜில் அதைவிடப் பெரிய ஆபத்து, அது உறைந்துபோவது. சின்னப் பெட்டிக்குள்ளேயே ஃப்ரீசரும் இருப்பதால் மேல்தட்டும் பின்சுவரும் சில்லென்று உறைநிலைக்குப் போய்விடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நல்லதாகவே இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். தெரியாமல் அதையே போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று பிள்ளை தவித்துப்போகும். ஹாஸ்டலில் இது எப்படி நடக்கும் தெரியுமா? தோழி ஒருத்தி ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைப்பாள். உருகுகிறதே என்று குளிரைக் கூட்டும் திருகியைக் கடைசி எண் வரை திருப்பிவிடுவாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவளுக்குத் தெரியாது. அதனால் இன்சுலினை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஃப்ரீசரிலிருந்து தள்ளிக் கீழ்த்தட்டில், சுவரில் படாமல் வைக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்கும், டப்பா பக்கத்திலேயே அது இருக்கட்டும். திருகி நடுவில் இருக்கட்டும். மார்கழிக் குளிரில் திருகியின் எண்ணை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும், ஐஸ்கிரீமைப் பார்த்து அல்ல.

மூன்று மாத ஸ்டாக்கை மொத்தமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதும் கையிருப்பாக ஒரு இன்சுலின் பேனாவும் போதும், மீதி உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். உபயோகத்தில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வெளியே தாங்கும். மருந்துக்கு மருந்து நாள்கணக்கு மாறும், அட்டைக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கோடையில் வெளியே வைக்க, ஈரமணல் போட்ட பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து மூடும் பழைய வழி இன்றும் நல்ல வழிதான். காற்று வறண்டிருந்தால் நன்றாகக் குளிரும், புழுக்கமான நாளில் அவ்வளவு குளிராது.

ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் வார்டனிடம் பேசுங்கள். வாங்கிவிட்டுப் பேசாதீர்கள். பல ஹாஸ்டல்களில் ஹீட்டர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு என்று போடும் தடைப் பட்டியலில் ஃப்ரிட்ஜும் சேர்ந்தே இருக்கும். வயரிங் தாங்காது, தீப்பிடிக்கும் என்ற பயம், அது நியாயமான பயம். உங்கள் டாக்டரின் லெட்டர்பேடில், இன்னாருக்கு டைப் 1, இன்சுலினை 2-8 டிகிரியில் வைத்தே ஆகவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூடவே நீங்கள் ஒரு கடிதம் வையுங்கள்: கெட்டில் 1,500 வாட் இழுக்கும், 50 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது பொதுவாக 100 வாட்டைத் தாண்டாது, ஜங்ஷன் பாக்ஸில் சொருகாமல் சுவர் பிளக்கிலேயே நேராகப் போடுவோம். டைப் 1 பிள்ளைகள் தேர்வு அறைக்குள் சாப்பிடும் பொருள் கொண்டுபோக 2017-லேயே சி.பி.எஸ்.இ. அனுமதித்திருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல என்று வார்டனுக்குப் புரியவைக்க அதையும் சொல்லலாம். முடியவே முடியாது என்றால், ஹாஸ்டல் மருத்துவ அறை ஃப்ரிட்ஜில் இடம் கேளுங்கள். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்தக் கதவு திறக்குமா, சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனால்? ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் ஓடும் ஹாஸ்டல்கள் உண்டு. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்தால் குளிர்ச்சி நின்று பிடிக்கும், கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் கவலையில்லை. செமஸ்டர் லீவில் இன்சுலினை எடுத்துக்கொண்டு, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே விட்டு வரட்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐஸ் கட்டினால் கத்தியால் குத்தவே கூடாது. இன்றைய சின்ன ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் எரியக்கூடிய ஐசோபியூட்டேன் வாயுதான் இருக்கிறது.

இனி கார் பின்சீட்டு. என் அண்ணன் வீடு மாற்றும்போது ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோய், இறக்கிய கையோடு பிளக்கைச் சொருகினார். ஒரு வாரத்தில் கம்ப்ரஸர் போனது. அடியில் இருக்கும் கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்கப்போட்டால் அது மெல்லிய குழாய்களுக்குள் ஓடிவிடும், உடனே ஓட்டினால் எண்ணெயில்லாமல் தேயும். திருநெல்வேலியிலிருந்து தூக்கிக்கொண்டு போவானேன்? திருச்சியிலேயே கடையில் பணம் கட்டிவிட்டு, சேரும் நாளன்று ஹாஸ்டல் வாசலில் இறக்கச் சொல்லுங்கள். நாளை ரிப்பேர் என்றாலும் அந்த ஊர் சர்வீஸ் ஆள்தான் வரப்போகிறார். இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும் என்றால் குட்டி யானையில் நிற்கவைத்து, கதவைத் துணிக்கயிற்றால் கட்டி, பக்கவாட்டில் பாய் அணைத்து ஏற்றுங்கள். மாடிப்படியில் லேசாகச் சாய்த்தால் தவறில்லை. பெண்கள் ஹாஸ்டலில் பெரும்பாலும் சேர்க்கை நாளில் மட்டுமே அப்பாவையும் அண்ணனையும் அறைவரை விடுவார்கள், அதையும் கேட்டுவைத்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். சீனியர்களிடம் பழையது கிடைக்கும்தான். இன்சுலின் விஷயத்தில் நான் புதிதுதான் வாங்குவேன்.

மகள் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அதட்டிவிடாதீர்கள். ஆறு வருடமாக ஊசியோடு வாழும் பிள்ளை, புது ஊரில் முதல் தடவையாக நோயாளி என்ற பெயரில்லாமல் இருக்க ஆசைப்படுகிறது. வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டாம், அது அவள் உரிமை. ஆனால் அறைத்தோழிக்கும் வார்டனுக்கும் தெரிந்தே ஆகவேண்டும். காரணம் ஃப்ரிட்ஜ் இல்லை. ராத்திரி சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவள்தான் எழுந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பாள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டியதும் அவள்தான். இதை அம்மாவாக நீங்கள் போய்ச் சொல்வதைவிட உங்கள் மகளே சொல்லட்டும். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை அந்தத் தோழியின் தயிருக்கும் பழத்துக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் காட்டியே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

சேரும் நாளில் இன்சுலினை வாய் அகன்ற ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோங்கள். ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றியிருக்கட்டும். புது ஃப்ரிட்ஜை அறையில் நான்கு மணி நேரம் சும்மா நிற்கவிடுங்கள், வழியில் படுத்திருந்தால் ஒரு நாள் முழுக்க. பிறகு பிளக்கைப் போட்டு, தண்ணீர் பாட்டில்களை மட்டும் வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். அதுவரை இன்சுலின் ஹாஸ்டல் மருத்துவ அறை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மறுநாள் காலை தெர்மாமீட்டர் நாலோ ஐந்தோ காட்டினால், டப்பாவை உங்கள் மகள் கையாலேயே கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.